யார் சொன்னது?

தாராவி 90 அடி சாலையில் தோல் பை தைக்கும் பட்டறை ஒன்றின் மேல்தளம். இரும்பு ஏணி வழியாகத்தான் ஏற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலிலும் கீழே தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த அதிர்வு மேலே தரையில் தெரிகிறது. பாய் விரித்து ஒன்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். சிலர் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பத்தாவது படிக்கிறவர்கள். சிலர் கல்லூரியில் வெகுசன ஊடகப் படிப்பு. இருவர் செம்பூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறார்கள், ஒரு பெண் மாட்டுங்கா லேபர் கேம்ப். வாசலோரம் ஒரு ஸ்டூலில் நான். பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும்தான் என் வேலை.

நடத்துகிறவர் தமிழ் நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மும்பைக்கு வந்து இத்தனை காலம் ஆகியும் அவருடைய திருநெல்வேலிப் பேச்சு மாறவில்லை. பிள்ளைகள் "சார்" என்கிறார்கள். ஏணியில் ஏறி டீ கொண்டுவந்து வைக்கும் பட்டறைக்காரர் "அண்ணாச்சி" என்கிறார். சுவரில் சாய்த்து வைத்த பலகையில் ஆறு சொற்கள்: யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி. அதற்கு மேல் அவர் எதையும் எழுதவில்லை. வீட்டுப்பாடமாக எழுதிவந்த செய்திகளைப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வாசிக்கிறார்கள்.

முதலில் எழுந்தவன் பத்தாவது படிக்கும் பையன். நோட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வாசித்தான்.

"தாராவி பகுதியில் வாழும் ஏழை எளிய மக்கள் நீண்ட காலமாகக் குடிநீர் கிடைக்காமல் சொல்லொணாத் துயரத்துக்கு ஆளாகி வருகின்றனர். அதிகாரிகளின் மெத்தனப் போக்கே இதற்குக் காரணம் என்பது குறிப்பிடத்தக்கது."

இரண்டு பேர் கைதட்டினார்கள். பெரியவர் தட்டவில்லை.

"தம்பி, எந்த இடத்துல தண்ணி வரல?"

"எங்க சால்ல சார்." சால் என்றால் வரிசை வீடுகள் கொண்ட குடியிருப்பு.

"எத்தன வீடு?"

"இருபத்திரண்டு."

"எப்பருந்து?"

"புதன்கிழமையிலருந்து. காலைல நாலரைக்கு வரும். அரை மணி நேரம் வரும். இப்பம் பத்து நிமிஷத்துல நின்னுருது. அதுவும் சாக்கடை வாடை அடிக்கி."

பெரியவர் நிமிர்ந்தார். "வாடை அடிக்கா? அத ஏன் எழுதல?"

பையன் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த அவன் தங்கை சொன்னாள்: "கடைசி வீட்டுல ரெண்டு பிள்ளைங்களுக்கு வயித்தால போகுது சார். ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனாங்க."

கொஞ்ச நேரம் தையல் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. அவன் வாசித்த இரண்டு வாக்கியங்களில் இருபத்திரண்டு வீடு இல்லை, புதன்கிழமை இல்லை, வாடை இல்லை, குழந்தைகள் இல்லை. நாள்தோறும் காதில் விழுந்த மேடைச் சொற்கள் அந்த இடத்தை நிரப்பியிருந்தன. தன் கண்முன் நடந்ததை எழுதத் தகுதியில்லாதது என்று அவன் ஒதுக்கியிருக்க வேண்டும். எழுத்து என்றால் 'சொல்லொணா' என்றுதான் இருக்க வேண்டும் என்று யாரோ அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

"இப்பம் மாத்தி எழுது. முதல் வாக்கியத்துல எது வரணும்னு நீயே பாரு. அதுக்குப் பேருதான் லீட். பேப்பர் வாங்குதவன் அதை மட்டும் படிச்சிட்டு ரயில் ஏறிட்டாலும், நடந்தது என்னன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

பையன் மூலைக்குப் போய் எழுத உட்கார்ந்தான். பெரியவர் மடியிலிருந்த தினத்தந்தி மும்பைப் பதிப்பைப் பிரித்து ஒரு பத்திச் செய்தியைக் காட்டினார். ஊரும் தேதியும் தொடக்கத்தில் இருந்தன. "இது டேட்லைன். செய்தி எங்கருந்து, என்னிக்கு வந்ததுன்னு சொல்லும்." பிறகு செய்தியின் கடைசிப் பத்தியை உள்ளங்கையால் மூடினார். "இப்பம் படி. புரியுதா?" புரிந்தது. அதற்கு மேலிருந்த பத்தியையும் மூடினார். அப்போதும் புரிந்தது. முதல் பத்தி மட்டும் மிஞ்சும்வரை மூடிக்கொண்டே போனார். ராத்திரி பதினொரு மணிக்கு விளம்பரம் ஒன்று வந்தால் பக்கம் கட்டுகிறவர் செய்தியை அடியிலிருந்துதான் வெட்டுவார், அதனால் முக்கியமானது மேலே, விவரம் நடுவே, பழைய கதை கீழே என்றார். ஊடகப் படிப்பு படிக்கும் பெண் தலையாட்டினாள். தலைகீழ்ப் பிரமிடு என்று அவள் பாடப்புத்தகத்தில் படம் போட்டிருக்கிறதாம். அதன் காரணத்தை ஒரு கையின் அசைவில் இன்றுதான் பார்க்கிறாள்.

அடுத்து லேபர் கேம்ப் பெண். மாட்டுங்காவில் நடந்த ஒரு விழாவை எழுதியிருந்தாள். கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றியுள்ள சபாக்களிலும் சங்கங்களிலும் சனி, ஞாயிறு தவறாமல் இப்படி ஏதாவது நடக்கும். மும்பைத் தமிழர் செய்தி என்றால் பாதி விழாச் செய்திதான். தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், குத்துவிளக்கு ஏற்றியவர், பொன்னாடை போர்த்தியவர், போர்த்தப்பட்டவர், நன்றி கூறியவர் என்று பதினாறு பெயர். முடிவில், "திரளானோர் கலந்துகொண்டனர். விழா சிறப்பாக நடைபெற்றது."

"திரளானோர்னா எத்தன பேரு?"

"நெறய பேரு சார்."

"நாற்காலி எத்தன போட்டிருந்தாங்க? எத்தன காலியா இருந்துச்சு? எண்ணிப் பாத்தியா?"

அவள் எண்ணவில்லை. பெரியவர் கோபப்படவில்லை. அந்தப் பதினாறு பெயரையும் வெட்டவும் இல்லை. கூலி வேலை செய்து, மாலையில் சங்கத்துக்கு வந்து நாற்காலி எடுத்துப் போடுகிறவருக்குத் தன் பெயரை அச்சில் பார்ப்பது பெரிய காரியம், அதைக் கேலி செய்யக் கூடாது என்றார். பெயர்களைப் பிற்பகுதிக்குக் கொண்டுபோகச் சொன்னார். பிறகு கேட்டார், "அந்த விழாவுல உன் மனசுல நின்னது என்ன?"

கொஞ்சம் யோசித்துச் சொன்னாள். திருக்குறள் ஒப்பித்துப் பரிசு வாங்கிய சிறுமிக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாதாம். ஆங்கிலப் பள்ளியில் படிக்கிறவள். அம்மா சொல்லச் சொல்ல, இந்தி எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்தாளாம். அம்மாவே சொன்னாராம்.

"இதுதான் உன் செய்தி," என்றார் பெரியவர். "பதினாறு பேரும் அடுத்த வருஷமும் வருவாங்க. இது இந்த வருஷம்தான் நடந்திருக்கு. அந்த அம்மாகிட்ட திரும்பப் போய்ப் பேசு. பேரைப் போடலாமான்னு கேட்டுக்கோ. பேரை அவங்களையே எழுதித் தரச் சொல்லு. மராத்திக்காரரா இருந்தா தேவநாகரியில எழுதி வாங்கு. ஒருத்தர் பேரைத் தப்பாப் போட்டா மிச்சச் செய்தியையும் அவரு நம்ப மாட்டாரு."

செம்பூர்ப் பையன் ஒருவன் போலீஸ் செய்தி எழுதியிருந்தான். பள்ளிச் சிறுமி ஒருத்திக்கு நேர்ந்த கொடுமை. பத்திரிகை நடையை அப்படியே பிடித்திருந்தான். வழக்குப்பதிவு செய்து தீவிர விசாரணை நடத்தி வருகின்றனர் என்பதுவரை பிசகில்லை. சிறுமியின் பெயரை மாற்றியிருப்பதாகவும் சொன்னான். பெரியவர் நோட்டை வாங்கி, சிவப்புப் பேனாவை எடுத்தார். அன்று அவர் சிவப்புப் பேனா எடுத்தது அந்த ஒரு முறைதான். பள்ளியின் பெயரை அடித்தார். கட்டடத்தின் பெயரை அடித்தார். தந்தை கடை வைத்திருக்கிறார் என்று இருந்தது, அதையும் அடித்தார். எதிரே இருந்த கோயிலின் பெயரையும் விடவில்லை.

"பேர மாத்திட்டேன்ல சார்?"

"தெருவையும் பள்ளிக்கூடத்தையும் கடையையும் போட்டா அந்தத் தெருக்காரனுக்குப் பேரு எதுக்கு?"

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் 23ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. பெயர் மட்டுமல்ல, முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என்று அந்தக் குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் தண்டனை உண்டு. சட்டத்தைச் சொல்லி முடித்து அவர் ஒன்று சேர்த்தார்: "சட்டம் இல்லன்னாலும் போடக் கூடாது. அந்தப் பிள்ள நாளைக்கு அதே தெருவுலதான் நடந்து போகணும்." பையன் நோட்டைத் திரும்ப வாங்கி, அடித்திருந்ததை வரிவரியாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டீ வந்தது. டம்ளர்கள் கைமாறின. பேச்சு செல்போனுக்குப் போனது. ஒரு பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் வந்த தகவல்: தாராவிக் கணக்கெடுப்புக்கு நாளையே கடைசி நாள், காகிதம் கொடுக்காதவர்களுக்கு வீடு கிடையாது. அவள் அம்மா அன்று காலை முழுக்க அழுதிருக்கிறார்.

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தின் ஏலத்தை 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு எடுத்தது. வீடு வீடாகக் கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. 2000ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்பிருந்தே குடியிருப்பதற்குச் சான்று இருக்கிறதா என்ற கேள்வியில் ஒவ்வொரு குடும்பத்தின் எதிர்காலமும் தொங்குகிறது. பழைய மின்கட்டண ரசீதைப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்து வெயிலில் உலர்த்துகிற வீடுகள் இங்கே உண்டு. இந்த நிலையில், யார் எழுதியது என்றே தெரியாத நான்கு வரி ஒரு வீட்டின் தூக்கத்தைக் கெடுத்துவிடுகிறது.

பெரியவர் போனை வாங்கவில்லை. "நீயே பாரு. யாரு அனுப்பினது?"

"எங்க சித்தி."

"சித்திக்கு?"

"அவங்க குரூப்ல வந்துச்சாம்."

"அடியில யாரு பேராவது, அலுவலகம் பேராவது இருக்கா? தேதி இருக்கா?"

தேதி இல்லை. 'நாளை' என்று மட்டும் இருந்தது. எந்த நாளின் நாளை என்று தெரியவில்லை. அவள் அதைத் தானே கண்டுபிடித்து உரக்கச் சொன்னாள். திங்கட்கிழமை காலை மறுசீரமைப்பு அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்பது, கேட்டதைப் பதில் சொன்னவரின் பதவியோடு எழுதி வருவது என்று முடிவாயிற்று. வாயால் சொல்ல மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2005இல் வந்தது. விண்ணப்பத்துக்குப் பத்து ரூபாய், பதில் தர 30 நாள். தாராவிக்கு மாநகராட்சியின் ஜி வடக்கு வார்டு, மாட்டுங்காவுக்கு எஃப் வடக்கு, செம்பூருக்கு எம் மேற்கு. எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்திருப்பதும் நிருபரின் படிப்பில் சேர்த்தி. இரண்டு பேர் இதையெல்லாம் கையின் பின்புறத்தில் குறித்துக்கொண்டார்கள்.

ஊடகப் படிப்பு படிக்கும் பெண் எழுதியிருந்தது பெரிய கட்டுரை. "ஆசியாவின் மிகப்பெரிய குடிசைப் பகுதியான தாராவியில்" என்று தொடங்கினாள். வாக்கியம் முடியும் முன்பே பெரியவர் கேட்டார், "அளந்தது யாரு?"

எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்றாள். உண்மைதான். கராச்சியின் ஒரங்கி டவுனுக்கும் இதே பட்டத்தைக் கொடுத்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். மக்கள்தொகையும் அப்படித்தான். ஒரு பத்திரிகையில் ஆறு லட்சம், இன்னொன்றில் எட்டரை லட்சம், வேறொன்றில் பத்து லட்சம். எண்ணைப் போடும்போது அதைச் சொன்னவரையும் சேர்த்துப் போட வேண்டும், சொன்னவர் இல்லாத எண்ணை விட்டுவிட வேண்டும் என்றார். பிறகு 2020ஐ நினைவூட்டினார். ஏப்ரல் 1ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டு அன்றே இறந்தார். இனி இங்கே பிணம் குவியும் என்று உலகமே எழுதியது. ஜூலை 10ஆம் தேதி உலக சுகாதார அமைப்பின் தலைவர் டெட்ராஸ், தொற்றைக் கட்டுக்குள் கொண்டுவந்த இடங்களாக இத்தாலி, ஸ்பெயின், தென்கொரியாவோடு தாராவியின் பெயரையும் சொன்னார். வீடு வீடாக ஏறி இறங்கிய சுகாதாரப் பணியாளர்களும், கிளினிக்கைத் திறந்து வைத்த உள்ளூர் டாக்டர்களும், பள்ளிகளைத் தனிமை முகாம் ஆக்கியவர்களும் அந்த மூன்று மாதமும் இங்கேதான் இருந்தார்கள். பயத்தை எழுத வந்தவர்களில் எத்தனை பேர் அவர்களை எழுதினார்கள்?

அந்தப் பெண் நோட்டில் முதல் வரியை ஒரே கோடாக அடித்தாள். 'தாராவியில்' என்ற சொல் மட்டும் மிஞ்சியது. அங்கிருந்து தொடங்கினாள். வாக்கியம் நன்றாகத்தான் இருந்தது.

இந்த ஊரில் தமிழர்கள் கேள்வி கேட்டு எழுதியது புதிதல்ல என்றார் பெரியவர். 1885 டிசம்பர் 28ஆம் தேதி மும்பை கோகுல்தாஸ் தேஜ்பால் சமஸ்கிருதக் கல்லூரியில் காங்கிரஸ் முதல்முறையாகக் கூடியபோது, முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் ஜி.சுப்பிரமணிய ஐயர். ‘தி இந்து’வைத் தொடங்கியவர்களில் ஒருவர், சுதேசமித்திரனின் நிறுவனர். இந்திய நிர்வாகம் நடக்கும் விதத்தை விசாரிக்க ஒரு கமிஷன் வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்மானம். ஒரு பத்திரிகைக்காரர் கேட்கக்கூடிய முதல் கோரிக்கை வேறு என்னவாக இருக்க முடியும்? அதே மும்பையில் ஃபிரீ பிரஸ் ஜர்னலைத் தொடங்கி வெள்ளையர் ஆட்சியின் அடக்குமுறையைத் தாங்கி நின்ற எஸ்.சதானந்தும் தமிழர்தான். 1934இல் டி.எஸ்.சொக்கலிங்கத்தை ஆசிரியராகக் கொண்டு தினமணி வெளிவந்ததற்குப் பின்னால் அவர் இருந்தார். 1942இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா.ஆதித்தனார், டீக்கடையில் உட்கார்ந்திருப்பவரும் எழுத்துக்கூட்டிப் படிக்கும்படி செய்தி இருக்க வேண்டும் என்று பாடுபட்டார். நிருபர்களுக்காகக் கையேடே எழுதினார். இன்று தாராவியில் தமிழ் வாசிக்கிற பெரியவர்களில் பலர் அந்தப் பத்திரிகையை வைத்தே படிக்கக் கற்றவர்கள்.

பெரியவர் இதையெல்லாம் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார். பெருமை பேச அவருக்கு நேரமில்லை. மூலையில் எழுதிக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டார்.

பையன் இந்த முறை நோட்டைக் கீழே இறக்கிப் பிடித்திருந்தான்.

"தாராவியில் 22 வீடுகள் கொண்ட சால் ஒன்றில் புதன்கிழமை முதல் குழாய்த் தண்ணீரில் சாக்கடை வாடை அடிப்பதாக அங்கு வசிப்பவர்கள் கூறுகின்றனர். வழக்கமாக அரை மணி நேரம் வரும் தண்ணீர் பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது. இந்தத் தண்ணீரைக் குடித்ததால் இரண்டு குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டுள்ளது."

"கடைசி வாக்கியத்த திரும்பப் படி."

படித்தான்.

"தண்ணியாலதான் வந்துச்சுன்னு டாக்டர் சொன்னாரா?"

"தெரியாது சார்."

"அப்பம் என்ன எழுதணும்?"

பையன் நின்றபடியே பேனாவால் திருத்தினான். "அங்கு வசிக்கும் இரண்டு குழந்தைகள் வயிற்றுப்போக்குக்காக மருத்துவமனையில் சிகிச்சை பெற்றனர்." அதிகாரிகளின் மெத்தனம் என்ற வரி தானாகவே காணாமல் போயிருந்தது. அதைப் பற்றிப் பெரியவர் கேட்டதற்கு, "குழாய் எங்க உடைஞ்சிருக்குன்னு இன்னும் யாரும் பாக்கல சார். நாளைக்கு இன்ஜினியர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதணும்," என்றான். அவன் வாயிலிருந்து வந்த அந்த வாக்கியத்துக்குத்தான் ஃபாலோ அப் என்று பெயர். யாரும் அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. பெரியவர் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டெட்லைன் என்று மட்டும் சொன்னார்.

இந்தத் திருத்திய செய்தியை யாரும் மறுக்க முடியாது என்பதைக் கவனிக்க வேண்டும். முதலில் எழுதியதை ஒரு அதிகாரி சிரித்துவிட்டு ஒதுக்கியிருப்பார். சொல்லொணாத் துயரத்துக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. 22 வீடு, புதன்கிழமை, பத்து நிமிடம் என்றால் ஆள் அனுப்பிப் பார்த்தாக வேண்டும். அடைமொழி குறையக் குறைய ஏழையின் சொல்லுக்கு வலு கூடுகிறது. நான் அன்று அங்கே கண்ட உண்மை இதுதான்.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பிள்ளைகள் எல்லாரும் நிருபர் ஆகப்போவதில்லை. ஆனால் அவர்கள் வீட்டைப் பற்றியும் தெருவைப் பற்றியும் இன்னும் பல ஆண்டுகளுக்கு வெளியிலிருந்து நிறைய எழுதப்படும். அரசாணை வரும், கம்பெனி அறிக்கை வரும், வாட்ஸ்அப் வதந்தியும் வரும். அவற்றைப் படித்துப் பிரித்துப் பார்க்கவும், நடந்ததை நடந்தபடி நான்கு வரியில் எழுதவும் தெரிந்த ஒரு பிள்ளை ஒவ்வொரு சாலிலும் இருந்தால் போதும். தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுக்கு ஒரு பேச்சுப் போட்டி வைப்பதோடு, மாதம் ஒருமுறை இப்படி ஒரு செய்தி வகுப்பும் வைக்கலாம். ஒரு பாய், ஒரு பலகை, ஓய்வுபெற்ற ஓர் உதவி ஆசிரியர் கிடைத்தால் மற்றதெல்லாம் பிள்ளைகள் கொண்டுவந்துவிடுவார்கள்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் ஏதோ ஒரு தகவலை வீட்டில் சொல்லும்போது, "யார் சொன்னது? எப்போ சொன்னாங்க?" என்று உங்கள் பிள்ளை கேட்டால் வாயாடி என்று அதட்டாதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால், போய்க் கேட்டு வரச் சொல்லி அனுப்புங்கள்.